முதல் எண்ணெய்

அப்பா தீபாவளிக்கு எண்ணெய் வைக்கிற கிண்ணம் உண்மையில் கிண்ணமே அல்ல. தேயிலைத் தொழிற்சாலையில் சாயத்தின் ருசி பார்க்க வைத்திருக்கும் வெள்ளைப் பீங்கான் கோப்பை. விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் பல் பல்லாக வெட்டியிருக்கும். இலை உள்ளே தங்கி, சாயம் மட்டும் வடிவதற்காக. பிடி உடைந்துபோனதால் தூக்கி எறியப் போனதை, அங்கே வேலை பார்த்த அப்பா கேட்டு வாங்கி வந்தாராம். வருடம் முழுக்க அது சாமிப் படத்துக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும். தீபாவளி விடியலில் மட்டும் அம்மா அதைக் கழுவித் துடைத்து, நல்லெண்ணெயில் மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் அப்பாவிடம் கொடுப்பாள். அப்பா இஸ்தோப்பில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டு முன்தாழ்வாரத்தில், ஒரு பலகையைப் போட்டுக் கிழக்குப் பார்த்து உட்காரச் சொல்வார். மூன்று விரலைக் கோப்பையில் தோய்த்து உச்சந்தலையில் வைப்பார். காலமெல்லாம் தேயிலைத் தூளில் கிடந்த கை அது. எண்ணெய் வாசனையோடு தேயிலை வாசனையும் சேர்ந்து நெற்றியில் இறங்கும்.

மூத்த பிள்ளைக்குத்தான் முதல் எண்ணெய். எங்கள் வீட்டில் மூத்தவள் நான். எனக்குப் பிறகு தம்பி, அதற்குப் பிறகு அம்மா, கடைசியில் அப்பா தனக்குத் தானே. இதில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. முதல் எண்ணெய் வைக்கும்போது, அந்தக் கை தலையில் இருக்கும்வரைக்கும், பிள்ளை ஒன்று கேட்கலாம். அப்பா மறுக்கக் கூடாது. "கைய தலையில வச்சுக்கிட்டு முடியாதுன்னு சொல்றது சாபம் வுடுற மாதிரி" என்பார். முதல் எண்ணெய்க்கு மட்டும்தான் இந்தச் சலுகை. தம்பியும் ஏதாவது கேட்பான். அப்பா சிரித்து மழுப்பிவிடுவார். சின்ன வயதில் நான் ரிப்பன் கேட்டேன், காலுக்கு வெள்ளைச் சப்பாத்து கேட்டேன். சாதாரண தரப் பரீட்சை முடிந்து, "போதும், இனி கொழுந்து பறிக்க வா" என்று அம்மா கூடையை எடுத்து வைத்த வருடம், "மேல படிக்கணும்ப்பா" என்று அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் கேட்டேன். அம்மா கூடையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். அந்தக் கோப்பைக்கும் பலகைக்கும் நான்தான் சொந்தக்காரி என்ற நினைப்பு எனக்கு இருந்ததென்றால், அதற்குக் காரணம் இருந்தது.

உயர்தரம் முடித்து வீட்டில் இருந்த வருடத்தைத்தான் சொல்ல வருகிறேன். கண்டியில் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு வருடம் அங்கேயே விடுதியில் தங்க வேண்டும். தீபாவளி முடிந்த கையோடு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவிடம் சொன்னேன். கையிலிருந்த தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "கண்டியில ஒரு பொம்பளப் புள்ள தனியா எப்பிடி இருக்கும்?" என்றார். விடுதியில் நாற்பது பேர் இருப்பார்கள் என்றேன். "நாப்பது பேரு இருந்தா என்னா? நம்ம ஆளு இல்லன்னா தனிதான்" என்றார். அதற்கு மேல் அவரிடம் வாதாடுவது மலையோடு முட்டுவது. நான் முட்டவில்லை. தீபாவளி வரட்டும், பலகையில் உட்காருகிறேன், கை தலைக்கு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். என் பெட்டியைக்கூட மனதுக்குள் அடுக்கி முடித்துவிட்டேன்.

அப்பா அப்போது தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று, எங்கள் தோட்டத்துப் பழைய துரை பங்களாவில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். துரைமார் காலம் போய், அதை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள் மாலை, அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருக்கும்போது அப்பா வந்து சொன்னார்: "பங்களாவுக்கு ஒரு இந்தியாக்காரம்மா வந்திருக்கு. தமிழ்தான். தனியா."

அந்தக் கடைசி வார்த்தையில் அம்மாவின் கை முறுக்கு உரலிலேயே நின்றுவிட்டது.

"தனியாவா? புருசன்?"

"தெரியல."

"புள்ளகுட்டி?"

"ஒரு பைதான் இருக்கு."

"தீபாவளிக்கா? ஐயோ பாவமே! வீட்டுல என்னமோ நடந்துபோச்சுங்க."

அடுப்பில் முறுக்கு கருகிய வாசனை வருவதற்குள் செய்தி லயம் முழுக்கப் போய்விட்டது. ஒருத்தி மாமியார் துரத்திவிட்டாள் என்றாள். இன்னொருத்தி புருசன் செத்திருப்பான் என்றாள். பக்கத்து வீட்டு அத்தை, பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்றே முடிவு கட்டி மூக்கைச் சிந்தினாள். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. தீபாவளி அன்றைக்கு ஒருத்தர் தனியாக இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு சாவோ சண்டையோ இருந்தே ஆக வேண்டும். இருப்பது பிடித்துத்தான் ஒருத்தி இருக்கிறாள் என்பது அவர்கள் கணக்கில் வராது. அதிலும் பங்களாவின் சமையல்காரர் தீபாவளிக்கு வீட்டுக்குப் போய்விட்டார். அந்தம்மா பாண் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வைத்திருக்கிறாள் என்று அப்பா சொன்னபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல நாளும் அதுவுமா பாணா? விடிய போயி கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள். "நானும் அதான் நெனச்சேன்" என்றார் அப்பா.

எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. அந்த லயத்தில் எங்களுக்கு ஒற்றை அறைக் காம்பரா ஒன்று, அதைச் சேர்ந்த ஒரு சமையல் மூலை, அதில் நான்கு பேர். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அவர்கள் தும்மினால் நாங்கள் "நூறு" என்போம். வேறு யாருடைய மூச்சும் கேட்காத ஓர் அறையில் நான் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் படுத்ததில்லை. அங்கே மேலே, அத்தனை பெரிய பங்களாவில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெண் இருக்கிறாள். எழுந்திரு என்று சொல்ல ஆளில்லை. எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லை. அவள் கடல் தாண்டி வந்திருக்கிறாள். எனக்குக் கண்டிக்குப் போக வழியில்லை. பாவமாம் பாவம்! பொறாமையை ஒளிக்க எனக்கு வராது. முகத்தில் எழுதி ஒட்டின மாதிரி தெரியும் என்று அம்மா சொல்வாள். அன்றைக்கும் தெரிந்திருக்கும், இருட்டு விழுந்துவிட்டதால் யாரும் படிக்கவில்லை.

விடியலில் மூடுபனிக்குள்ளிருந்து அப்பா டார்ச் வெளிச்சத்தோடு வந்தார். பின்னால் சிவப்பு மழைச்சட்டை போட்டுக்கொண்டு அவர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். குட்டைத் தலைமுடி. கழுத்திலும் காதிலும் ஒன்றுமில்லை. அம்மா அதைப் பார்த்து, தான் நினைத்தது சரிதான் என்பதுபோல் அத்தைக்குக் கண்காட்டினாள். நான் வாய் நிறைய "வாங்க அக்கா" என்றேன். அக்கா என்று சொன்னதில் குறையொன்றும் வைக்கவில்லை. இஸ்தோப்பில் பலகை போட்டிருந்தது. நான் பழைய பாவாடை கட்டிக்கொண்டு, கேட்க வேண்டியதை உதட்டிலேயே வைத்துக்கொண்டு, பலகைப் பக்கம் ஓரடி நகர்ந்தேன். அம்மா கோப்பையைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா திரும்பிப் பார்த்தார். என்னை அல்ல.

"உக்காருங்கம்மா" என்றார் அந்த அக்காவிடம்.

"ஐயோ, வேணாம்ப்பா. நேத்தே தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிச்சுட்டேன்."

"அது நேத்து. இன்னிக்குத் தீபாவளி. உக்காருங்க."

அவர் தயங்கினார். லயமே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். என் பலகையில். அப்பா மூன்று விரலைத் தோய்த்து அவர் உச்சந்தலையில் வைத்தார். முதல் எண்ணெய். என் எண்ணெய். அந்தக் குட்டை முடிக்குள் அது பொசுக்கென்று இறங்கி நெற்றியில் வழிந்ததை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். விருந்தாளிக்கு வைக்கிறார், சரி, மரியாதை, தொலையட்டும் என்று மனதைப் பிடித்து வைத்திருந்தேன். அப்பா அதோடு விட்டாரா?

"எங்க வீட்டுல மொத எண்ணைக்கு ஒரு வழக்கம் இருக்கும்மா. ஒண்ணு கேக்கலாம். நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன். கேளுங்க" என்றார்.

அந்த அக்கா கொஞ்சம் யோசித்தார். மூடுபனி விலகி, எதிரே பத்தாம் நம்பர் மலையின் உச்சி தெரிய ஆரம்பித்திருந்தது. தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடம். சிறுத்தை நடமாட்டம் என்று எங்களில் பெண்கள் கும்பலாகத்தான் அந்தப் பக்கம் போவார்கள். அக்கா விரலை நீட்டி, "அந்த உச்சிக்கு நான் மட்டும் தனியா போயிட்டு வரணும்ப்பா. நேத்து நீங்க கூடாதுன்னு சொன்னீங்கல்ல? இப்ப விடுங்க" என்றார்.

அப்பாவின் கை தலையிலேயே இருந்தது. "போயிட்டு வாங்கம்மா" என்றார். அதற்கு மேலும் ஒன்று சொன்னார், கூடியிருந்தவர்களைப் பார்த்து, பெருமையாக: "பாருங்க, என்னா தைரியம்! தனியா நாடு விட்டு நாடு வந்து, தனியா மலையும் ஏறப் போகுது. புள்ளைன்னா இப்பிடி இருக்கணும்."

புள்ளைன்னா இப்படி இருக்கணுமாம்! நான் பக்கத்தில் நிற்கிறேன். மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் கண்டிக்குப் போகத் தைரியத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்தத் தைரியம் எவள் தலையிலோ எண்ணெயாக வழிகிறது.

அடுத்து நான் உட்கார்ந்தேன். பலகையில் அவர் உட்கார்ந்த சூடு இருந்தது. அப்பா எண்ணெயை வைத்து, "பெரியபுள்ள, ஒனக்கு என்னா வேணும், கேளு" என்றார். வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டாவது எண்ணெயில் கேட்டால் சிரித்து மழுப்புவார் என்று எனக்குத் தெரியாதா? தம்பிக்கு நடந்ததை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். அத்தனை பேர் முன்னால் கண்டியைக் கேட்டு, அவர் சிரித்து, அதை அந்த அக்காவும் பார்க்க வேண்டுமா? "ஒண்ணும் வேணாம்" என்றேன். அப்பா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீலிக்கரையில் குளிக்கப் போனோம். மலையிலிருந்து மூங்கில் வழியாக வந்து கொட்டும் தண்ணீர், ஐப்பசிக் குளிர். அந்த அக்கா தலையைக் கொடுத்ததும் போட்ட கூச்சலில் லயத்துப் பெண்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா தனக்கென்று எடுத்து வைத்திருந்த புதுச் சேலையை மஞ்சள் தடவி அவருக்குக் கட்டக் கொடுத்தாள். இலையில் இட்லி, ஆட்டிறைச்சிக் குழம்பு, வடை. அப்பா அவர் எதிரே உட்கார்ந்துகொண்டார். அப்புறம் ஆரம்பித்தது பேச்சு. அப்பா அத்தனை வார்த்தை பேசுவார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எங்களிடம் "ம்", "சரி", "பாப்போம்" என்ற மூன்றை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவர். முசிறிப் பக்கம் எங்கள் பூர்வீக ஊரைப் பற்றி அந்த அக்காவிடம் கேட்டார். அவர் மெட்ராஸ்காரர், அந்தப் பக்கம் போனதே இல்லை என்றார். உடனே அப்பா வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார்: ஆற்றைத் தாண்டி, மேற்கே திரும்பி, கோயில் குளத்தை ஒட்டி நடந்தால் மூன்றாவது தெரு. அப்பா பிறந்ததே இந்தத் தோட்டத்தில். கடலைக்கூடத் தூரத்திலிருந்து ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். இந்தியாவிலிருந்து வந்த பெண்ணுக்கு இவர் இந்தியாவில் வழி காட்டுகிறார். அந்த அக்காவும் மறுக்காமல், "கோயில் குளத்துக்கு அப்புறம் எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்டுக்கொண்டு இறைச்சியைச் சாப்பிட்டார். அந்த வழியை அப்பா எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கதவோரத்தில் நின்று கேட்டுப் பாடம் செய்துகொண்டேன்.

பாத்திரம் கழுவ நான் பின்பக்கம் போனபோது அவரும் வந்து பக்கத்தில் குந்தினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாம்பலை எடுத்துச் சட்டியைத் தேய்த்தார். நன்றாகவே தேய்த்தார். "உங்கம்மா என்னை ரொம்பப் பாவமா பார்க்குறாங்க. ஏன்?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். மாமியார் துரத்தியது, புருசன் செத்தது, எல்லாவற்றையும். அவர் கழுவிய சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா. மாமியார், புருஷன், ரெண்டு பசங்க, நாத்தனார் குடும்பம், எல்லாரும். வருஷா வருஷம் அத்தனை பேருக்கும் நான்தான் எண்ணெய் காய்ச்சி, இட்லி ஊத்தி, பலகாரம் சுட்டு முடிக்கிறப்ப சாயந்தரம் ஆயிடும். இந்த ஒரு வருஷம் யாருமே இல்லாத ஊர்ல, தூங்கி எழுந்து, ரொட்டியைத் தின்னுட்டு, சும்மா கெடக்கலாம்னு சண்டை போட்டுக் கெளம்பி வந்தேன். வந்த எடத்துல உங்கப்பா கதவத் தட்டிட்டார்."

அதைக் கேட்டு எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. ஒரு தீபாவளியையே வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிட்டு வர இவரால் முடிகிறது. தூக்கிப் போட்டதற்கும் மேலே இன்னொரு தீபாவளி இவர் மடியில் வந்து விழுகிறது, என்னுடையது. "நீ குடுத்து வச்சவம்மா. எங்கப்பாவுக்கெல்லாம் என் தலையில கை வச்சுப் பழக்கமே கெடையாது" என்றார் அவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் சட்டியைத்தான் தேய்த்தேன். குடுத்து வைத்ததையெல்லாம் காலையில் நீங்கள்தானே எடுத்துக்கொண்டீர்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

மத்தியானத்துக்கு மேல் அவர் மலைக்குக் கிளம்பினார். அப்பா தன் கைத்தடியைக் கொடுத்தார். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக்கொள்ளச் சொன்னார். எந்த இடத்தில் வழுக்கும், எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே பாதி தூரம் போய்த் திரும்பி வந்தார். இஸ்தோப்பில் நின்று நானும் அவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சைத் தேயிலைக்குள் அந்தச் சிவப்புச் சட்டை ஏறிக்கொண்டே போனது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அவங்கள மட்டும் தனியா வுட்டீங்க. என்னய கண்டிக்கு வுட மாட்டேங்குறீங்க. அவங்க மட்டும் பொம்பள இல்லையா?"

அப்பா மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது ஊரான் வீட்டுப் புள்ள. அதத் தடுக்க நான் யாரு? ஒன்னயத் தடுக்குறதுக்கு எனக்கு உரிம இருக்குல்ல" என்றார்.

பாசத்தையே பூட்டாகச் செய்து கையில் கொடுத்தால் எந்தச் சாவியைப் போட்டுத் திறப்பது? அன்றைக்கு எனக்கு ஊரான் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அந்தி சாய்கிற நேரத்தில் அந்த அக்கா மழையில் தொப்பலாக நனைந்து, முழங்காலில் சேறோடு, முகமெல்லாம் வெளிச்சமாக இறங்கி வந்தார். உச்சியிலிருந்து அருவியும் ரயில் பாதையும் தலவாக்கலை ஊரும் ஒரே பார்வையில் தெரிகிறது என்றார். எனக்குத் தெரியாது. நான் அந்த உச்சிக்கு ஏறினதில்லை.

மறுநாள் ரயிலுக்கு அவர் போய்விட்டார். என் கண்டி இடம் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்திக்குப் போனது. அடுத்த தீபாவளிக்கு யாரும் வரவில்லை. பலகை எனக்கே கிடைத்தது. கை தலைக்கு வந்தது. "கண்டிக்குப் போகணும்ப்பா" என்றேன். கை அப்படியே நெடுநேரம் இருந்தது. "சரி" என்றார். போனேன், படித்தேன், இன்றைக்கு நோர்வூட் பக்கம் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனாலும் பிந்திப்போன அந்த ஒரு வருடத்தை நான் அந்த அக்காவுக்கு மன்னித்ததில்லை. எங்கேயாவது சிவப்பு மழைச்சட்டையைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு முகம் சுருங்கும். தனியாகப் போனார், தனியாக ஏறினார், தனியாக இருந்தார் என்ற நினைப்பு மட்டும் உள்ளே கிடந்து கனன்றது. ஒரு தீபாவளி, வாழ்க்கையில் ஒரே ஒரு தீபாவளி, நானும் யாருமில்லாத ஊரில் தனியாக இருந்து பார்க்க வேண்டும் என்று வைராக்கியமாகவே வைத்திருந்தேன்.

இந்த வருடம் அதைச் செய்தேன். பாஸ்போர்ட் எடுத்து, விசா எடுத்து, கொழும்பிலிருந்து திருச்சிக்கு வந்து இறங்கினேன். கதவோரத்தில் நின்று பாடம் செய்த வழியை நடந்து பார்க்கிற ஆசையும் இருந்தது. அது தீபாவளி கழிந்து பஸ்ஸில் கூட்டம் குறைந்த பிறகு. அப்பா இந்தத் தடவை தடுக்கவில்லை. வயதாகிவிட்டது. "தீபாவளிக்கா?" என்று மட்டும் கேட்டார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை. மேலாளர் பெரியவர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. "சிலோனா? யாழ்ப்பாணமா?" என்றார். மலைநாடு என்றேன். "பேச்சு எங்க ஊர்ப் பேச்சாட்டமே இருக்கு" என்று ஆச்சரியப்பட்டார். இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்றேன். அவருக்கு அது பிடிபடவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் மாலை அறைக்கதவு வரைக்கும் வந்து, "நாளைக்கு வேலையாளுங்க வர மாட்டாங்கம்மா. ஓட்டலும் இருக்காது. இப்பவே ஏதாவது வாங்கி வச்சுக்குங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். நான் பன்னும் வாழைப்பழமும் வாங்கினேன். கூடவே நல்லெண்ணெய் ஒரு சின்னப் போத்தல்.

விடியலில் ஊரே வெடித்து அதிர்ந்தது. நான் கட்டிலில் கிடந்தேன். எழுந்திரு என்று சொல்ல யாருமில்லை. வேறு யாருடைய மூச்சும் கேட்காத அறை, கேட்டபடியே கிடைத்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு மொட்டை மாடி. ஓர் அப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, திமிறுகிற சின்னப் பெண்ணை முட்டிகளுக்கு நடுவில் பிடித்து வைத்து எண்ணெய் தேய்க்கிறான். கண்ணில் எண்ணெய் பட்டு அது வீறிடுகிறது. ஒன்றும் தெரியாத அந்தக் குஞ்சு மேல் எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்ல! ஜன்னலைச் சாத்தினேன். பிறகு திறந்தேன். வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் காது அங்கே போனது. யாரும் கதவைத் தட்டவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. வாடகைக்கு அறை எடுத்தவளைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் அந்த ஊரில் மரியாதை.

பன்னைத் தின்றுகொண்டிருந்தபோது தம்பியின் போனிலிருந்து அப்பா வீடியோவில் வந்தார். பாதி அப்பா, பாதி கூரைத் தகரம்.

"என்னா பெரியபுள்ள, சாப்புட்டியா?"

"சாப்புட்டேன்ப்பா." கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். "மொத எண்ண தம்பிக்கா வச்சீங்க?"

"இல்லம்மா. பங்களாவுல ஒரு வெள்ளக்காரப் புள்ள வந்திருக்கு. எந்த நாடோ தெரியல. தனியா. கூட்டியாந்து அதுக்குத்தான் வச்சேன்."

தம்பி போனைத் திருப்பிக் காட்டினான். மஞ்சள் முடியெல்லாம் எண்ணெய் ஒழுக, என் பலகையில் உட்கார்ந்து ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோப்பை. போனுக்குள் கத்தினேன். "ஒங்களுக்கு இதே வேலையாப் போச்சுப்பா! ஊருல போற வர்றவளுக்கெல்லாம் என் எண்ணையத் தூக்கிக் குடுக்குறீங்க!"

அப்பா கோபப்படவில்லை. போனைக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டார். "நீ அங்குட்டு தனியா இருக்கே. காலையில கோப்பைய எடுத்தா கை ஓடல. அப்பதான் நெனச்சேன். நம்ம வாசல்ல ஒரு ஊரான் வீட்டுப் புள்ளைக்கு நான் வச்சா, அங்க ஒருத்தர் எம்புள்ளைக்கு வைக்காமயா போயிருவாங்க?" பிறகு கேட்டார்: "யாராச்சும் வச்சாங்களா?"

மேசைமேல் போத்தல் இருந்தது, மூடியின் சீல்கூட உடையாமல்.

"வச்சாங்கப்பா."

"யாரு?"

"இங்க லாட்ஜுல ஒரு பெரியவரு."

"பாத்தியா!" என்று அவர் அம்மா பக்கம் திரும்பிக் கத்தினார். "வச்சாங்களாம் புள்ள! நான் சொன்னேன்ல!" மறுபடி என்னிடம் வந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. "மொத எண்ணதானே? என்னா கேட்டே?"

"அடுத்த வருசம் மொத எண்ண எனக்குத்தான் வேணும்னு கேட்டேன்."

"அதுக்கு அவரு என்னா சொன்னாரு?"

"கைய தலையில வச்சுக்கிட்டு முடியாதுன்னா சொல்ல முடியும்? சரின்னுட்டாரு."

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே கோப்பையை எடுத்து, சாமிப் படத்துக்குப் பின்னால் கவிழ்த்து வைக்க உள்ளே போனார். தம்பி கையை ஆட்டிவிட்டுப் போனை வைத்தான். நான் போத்தலின் மூடியைத் திருகித் திறந்தேன். மூன்று விரலைத் தோய்த்து, என் உச்சந்தலையில் நானே வைத்துக்கொண்டேன். எண்ணெய் நெற்றியில் இறங்கியது. தேயிலை வாசனை மட்டும் வரவில்லை.